வேப்பூரில் யாருக்கு லீவு?

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ராத்திரி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு வேப்பூர் தூக்கத்தில் கடக்கிற ஊர். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கண் அசந்தால் பெரம்பலூரில்தான் விழிப்பு வரும். நாற்கரச் சாலை போட்டு, கூட்டு ரோட்டில் மேம்பாலமும் கட்டியபிறகு, விழித்திருப்பவர்களின் கண்ணில்கூட ஊர் படுவதில்லை. கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம், சேலம் போகிற ரோடு இங்கேதான் திருச்சி ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அந்தக் கூட்டு ரோடுதான் ஊர்.

"வேப்பூரா? எந்த வேப்பூர்?" என்று கண்டக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் இருக்கிறது. போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு அந்த வேப்பூரில் போய் நின்றுகொண்டு, "மண்டபம் எங்க இருக்கு?" என்று கேட்ட விருந்தாளிகள் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் உண்டு.

நான் இறங்க வேண்டியது கடலூர் மாவட்டத்து வேப்பூர். அம்மா பிறந்த பக்கம். நாங்கள் லீவுக்கு வந்துகொண்டிருந்த எண்பதுகளில் இது தென்னார்க்காடு மாவட்டம், 1993இல்தான் பிரித்தார்கள். எழும்பூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குவோம். அங்கிருந்து 'தந்தை பெரியார்' பஸ். ஜன்னலோரம் யாருக்கு என்ற சண்டை முடிவதற்குள் வேப்பூர் வந்துவிடும்.

இந்தத் தடவை வெள்ளிக்கிழமை பார்த்து வந்தேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இங்கே ஆட்டுச் சந்தை. சின்ன வயதில் ஒருநாளும் நான் இதைப் பார்த்ததில்லை. சந்தை முடியும் நேரத்தில் நாங்கள் பாயைச் சுருட்டியிருக்கவே மாட்டோம்.

இன்னும் இருட்டு விலகவில்லை. கிடாவின் மொச்சை வாடை முதலில் வந்தது, பிறகுதான் சத்தம். டாட்டா ஏஸ்களிலிருந்தும் மினி லாரிகளிலிருந்தும் ஆடுகளை இறக்குகிறார்கள். வெள்ளாடு, செம்மறி இரண்டும் உண்டு. வியாபாரிகள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஆட்டைப் பார்ப்பது என்றால் கையால் பார்ப்பது. முதுகுத் தண்டில் விரல் வைத்து அழுத்துகிறார்கள். எலும்பு தட்டுப்பட்டால் விலை இறங்கிவிடும். வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்பதில் வயது தெரிகிறது. கடைசியில் இடுப்பை வளைத்துப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி இறக்கிவிட்டு, "உரிச்சா இவ்வளவு கறி தேறும்" என்று கணக்குச் சொல்கிறார்கள். தராசு கண்ணில் படவில்லை. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரங்களில் இந்தச் சந்தையில் விற்பனை கோடிக்கணக்கில் போய்ப் பத்திரிகையில் செய்தியாக வரும். அப்போது வெளியூர் லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கும். நான் போனது வைகாசி. கோயில்களில் கிடா வெட்டுகிற காலம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

லாரிக்காரர்களை விட்டுவிட்டு ஓரமாகப் போனால் வேறொரு சந்தை. ஒற்றை ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். பெரும்பாலும் நடுவயது தாண்டியவர்கள். ஒரு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். தரகர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தார்.

"என்னம்மா, முடிச்சிடலாமா? பன்னண்டு."

"பதினாலுக்கு ஒத்த ரூவா கொறையாது. ஓட்டிக்கிட்டுப் போயி இன்னும் ரெண்டு மாசம் வச்சிருந்து விப்பேன்."

"தீனிக்கு எங்க போவ?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் கிடையாது என்பது தரகருக்கும் தெரியும். கத்திரி வெயிலில் புல் கருகிப்போயிருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். ஆடியில் விதைக்குக் காசு வேண்டும். வாங்குகிறவனுக்கு வசதியான எல்லாக் காரணங்களும் மே மாதத்தில்தான் ஒன்றுசேர்கின்றன. பதின்மூன்றுக்கு ஆடு கைமாறியது. அந்த அம்மா கயிற்றைக் கொடுக்காமல் அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஆடு மட்டும்தான் விலைக்கு.

ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ. மாமா வீடு இருக்கிற கிராமம் சின்னசேலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. அப்போது மண் ரோடு, இப்போது தார். மாமா காலமாகிவிட்டார், அத்தை இருக்கிறார். கூரை வீடு காங்கிரீட் ஆகிவிட்டது, ஆனால் அத்தை படுப்பது வெளியே போட்ட கீற்றுக் கொட்டகையில்தான். "உள்ள வேவுது. இந்த வூட்டக் கட்டுனதே மெத்தையில மொளவா காயப்போடத்தான்" என்றார்.

"எப்பா வந்த? மூஞ்சி கழுவிட்டு வா, கூழு கரைக்கிறன்." வெள்ளிக்கிழமை என்பதால் கருவாடு கிடையாது. மோர்மிளகாயும் உப்பிட்ட மாங்காயும். வெளியூரில் பாட்டில் ஜூஸ் விலைக்குக் கம்பங்கூழ் விற்கிற வண்டிகளை நினைத்துக்கொண்டே இரண்டாவது சொம்பு குடித்தேன்.

குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சந்தைக்குப் போய்வந்ததைச் சொன்னேன். அத்தை சிரித்தார்.

"உனக்கு அந்தக் கறுப்புக் குட்டி ஞாபகம் இருக்கா? நெத்தியில வெள்ளையா இருக்குமே."

இருக்கிறது. ஒரு குட்டியல்ல, பல. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு குட்டி எங்கள் கூட்டாளி. கிணற்று மேட்டுக்கு, புளியமரத்தடிக்கு, ஏரிக்கரைக்கு, எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போவோம். நாங்கள் கிளம்புகிற வாரத்தில் அது காணாமல் போகும். கேட்டால் பட்டியோடு மேயப் போயிருக்கிறது என்பார்கள்.

"வேற எப்பிடி ரெண்டு புள்ளைங்களுக்குச் சொக்கா, பாவாட எடுக்கறது? அக்கா புள்ளைங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? வேப்பூரு சந்தையில வித்துட்டு, அப்படியே விருத்தாசலம் போயி துணியெடுத்துக்கிட்டு சாயந்தரம் வருவாரு உங்க மாமா. வர வழியில உங்களுக்கு ஒரு பொட்டலம் காராசேவு."

ரகசியத்தை உடைக்கிற தொனியெல்லாம் அவரிடம் இல்லை. எந்தக் கடையில் துணி எடுத்தார்கள் என்பதைச் சொல்லுகிற அதே குரலில் சொல்லிவிட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

பிறகு கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு மே மாதத்தை முழுவதுமாக ஒருதரம் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் அப்படியே நிற்கவில்லை.

மல்லாட்டை உடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டை. ஆடிப் பட்டத்துக்கு விதைக்க வைத்திருக்கிற காயை மே, ஜூனில் உடைப்பார்கள். மெஷினில் உடைத்தால் பருப்பின் தோல் உரிந்து முளைப்பு கெடும். விதைக்காயைக் கையால்தான் உடைக்க வேண்டும். திண்ணையில் மூட்டையைச் சாய்த்துவிட்டு, "யாரு முதல்ல ஒரு படி உடைக்கிறீங்க பாக்கலாம்" என்று ஆயா போட்டி வைப்பார். கட்டைவிரல் நுனி சிவந்து எரியும், தோற்றவன் அழுவான். எங்களுக்கு அது போட்டி. அந்தத் திண்ணைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, மூட்டை கணக்கில் உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கூலி. படிக்கு இவ்வளவு என்று அளந்து வாங்குவார்கள். பொக்கும் பிளவும் அளவில் சேராது. நாங்கள் பிளந்துபோட்ட பருப்பையெல்லாம் ஆயா எங்கள் வாயிலேயே போட்டுவிடுவார். அவர்கள் பிளந்தது அவர்கள் கணக்கில் கழியும்.

விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவாக்கிய நிலக்கடலை ரகங்களுக்கு 'விஆர்ஐ' என்று ஊர்ப்பெயரையே தலைப்பில் வைத்து எண் போட்டிருப்பார்கள். மாமா விஆர்ஐ ரெண்டு என்பதைச் சொந்தக்காரன் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லுவார். இப்போது எங்கள் கொல்லையில் மல்லாட்டை இல்லை. சுற்றுவட்டாரம் பூராவும் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும். மக்காச்சோளத்துக்கு ஆள் குறைவு, அறுத்துக் குவித்தால் மெஷின் வந்து அடித்துவிட்டுப் போகிறது. கோழித் தீவனத்துக்கு வாங்கிப்போக லாரி வருகிறது. 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோதுகூட இவர்கள் அதை விடவில்லை. "ஆளு கெடச்சா மல்லாட்ட போடலாம். ஆளெல்லாம் திருப்பூருலயும் கேரளாவுலயும் கெடக்குது" என்றார் மாமா மகன்.

லீவின் இன்னொரு பாதி கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும் தீ மிதிப்பதும் இந்தக் கோடையில்தான். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கோணிப்பையும் போர்வையுமாகப் போய் இடம் பிடிப்போம். கட்டியங்காரன் வருகிறவரை விழித்திருப்போம், திரும்ப விழிக்கும்போது யாராவது ஒருவர் தோளில் வீட்டுக்கு வந்துகொண்டிருப்போம். கூத்தைப் பற்றி அத்தையிடம் பேச ஆசையாக ஆரம்பித்தேன்.

"நான் எங்கப்பா பாத்தன்? அர்ச்சுனன் தபசு மரம் ஏர்ற வரைக்கும் குந்தியிருப்பன். அப்பறம் வந்து மாவாட்டணும். மெட்ராஸ் புள்ளைங்களுக்குக் காத்தால இட்டிலி இல்லன்னா எறங்காதே."

"ஒண்ணுகூடப் பார்த்ததில்லையா?"

"துரியோதனன் படுகளம் பாத்திருக்கேன். அது பகல்ல நடக்கும்."

மண்ணில் பெரிதாகச் செய்து படுக்கவைத்த துரியோதனன், அவன் தொடையில் பீமன் அடிக்கிற இடம், பாஞ்சாலி கூந்தல் முடிகிற இடம் எல்லாவற்றையும் அத்தை விவரமாகச் சொன்னார். பார்த்த ஒன்றை இவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார். மீதிப் பதினேழு நாள் சண்டையை அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவே காதால் கேட்டிருக்கிறார்.

மாலை ஆனதும் வாசலில் வந்து நின்று "சாமி, ராச்சோறு" என்று குரல் கொடுக்கிற வண்ணாத்தி ஒருத்தியையும் இந்த லீவோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஊர்ப்பிள்ளைகளும் விருந்துப் பிள்ளைகளும் அழுக்காக்கிய துணியெல்லாம் அவளுடைய மூட்டையில் போகும். பதிலுக்கு, வீட்டுக்கு வீடு ஒரு கை சோறு. லீவில் வீடு நிறைந்தால் மூட்டை பெருக்கும், சோறு பெருக்காது. இந்தப் பகுதிக்காரரான இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். ஒரு வண்ணாத்தியின் வாழ்க்கையைச் சொல்லுகிற அந்த நாவலைக் கல்லூரியில் படித்தபோது, எங்கள் வீட்டு வாசலையே யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதாக இருந்தது. அதன் நாயகி ஆரோக்கியத்தை எனக்குத் தெரியும் என்று வகுப்பில் சொன்னேன். எங்கள் வாசலுக்கு வந்தவளின் பெயரைக் கேட்டதில்லை என்பதைச் சொல்லவில்லை.

லீவின் இரண்டாம் வாரம் சின்னம்மா வீடு. அது விருத்தாசலத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டில். சிவந்த மண், தாழ்ந்து கவிந்த மரங்கள், கீழே கோடை முழுக்க உதிர்ந்து கிடக்கும் பழம். பழத்தை உப்புத் தொட்டுத் தின்று தொண்டை கரகரத்துத் திரிவோம். கொட்டையை மட்டும் தொடக்கூடாது. சுடும்போது ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். உடைக்கிற பெண்களின் விரல்களில் சாம்பலையும் மீறிக் கறுப்பு ஏறிப்போயிருக்கும். சின்னம்மாவுக்கும் அப்படித்தான், மருதாணி வைத்தாலும் தெரியாது. அந்தப் பக்கத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் இந்த மண்ணின் பேச்சைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அத்தை பேசுவதைப் பட்டணத்துப் பேரன்களுக்கு மொழிபெயர்க்க அதை ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன்.

பகல் சாப்பாடு முடிந்து விருத்தாசலம் கிளம்பினேன். மாமா மகனின் மருமகள் அங்கே பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறாள். தினமும் பஸ். போக இருபது கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பார்கள். செராமிக் படிப்புக்கென்றே அரசு தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. தொழிற்பேட்டையில் சின்னச்சின்னப் பட்டறைகள். இவ்வளவும் இங்கே வந்ததற்கு ஒரு காரணம் பக்கத்து மண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டினால், கரிக்கு முன்னால் வருவது களிமண். வீடுகளில் மீட்டர் பெட்டிக்குள் இருந்த வெள்ளை பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை என்று பலதும் இந்த ஊரில் வெந்து வெளியே போயிருக்கின்றன. பியூஸ் கேரியர் போன பிறகு பொம்மைக்குத்தான் மவுசு.

லீவில் எங்களுக்கு வந்து சேர்ந்தது மூக்கு உடைந்த வாத்து, கழுத்தில் வெடித்த குதிரை. சூளையில் கழித்துப் போட்டதை மாமா சும்மா வாங்கி வருவார். நல்ல பொம்மை எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பட்டறைக்குள் வெயிலைவிட அனல் குறைவு, ஈரம் அதிகம். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து மோர்ப் பதத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்லிப் என்கிறார்கள். இரண்டு பாதியாகப் பிரிகிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை ரப்பரால் கட்டி நிறுத்தி, மேலே இருக்கிற ஓட்டை வழியாக அதை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மட்டும் மண் படிந்து தோலாகிறது. போதிய கனம் வந்ததும் கவிழ்த்தால் நடுவில் இருக்கிற மீதி ஸ்லிப் கொட்டிவிடும். அச்சைத் திறந்தால் உள்ளே வெற்றிடமான ஒரு பிள்ளையார், காது இரண்டும் தொளதொளவென்று. இந்தக் கட்டத்தில் விரல் பட்டால் விரல் ரேகை பதிந்துவிடும். அச்சு சேர்ந்த இடத்தில் மேடாக வருகிற கோட்டைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். அதுதான் இவள் வேலை. பிறகு காய்ந்து, ஒருமுறை வெந்து, கிளேஸில் முங்கி, மறுபடி சூளைக்குள் போய் வரும். ஈரம் இருக்கும்போதே அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும்.

கொலு வருவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஆனால் நவராத்திரிச் சரக்குக்கு இப்போதுதான் ஊற்ற வேண்டுமாம். மழை பிடித்தால் காயாது. இவர்களுக்கும் கோடைதான் உச்சம்.

"பீஸுக்கு இவ்வளவுன்னு கணக்கு, பெரியப்பா. கத்தி பட்டு மூக்கு போயிட்டா அது கணக்குல வராது."

மூக்கு போன வாத்தின் கணக்கு இப்போது எனக்கு விளங்கியது.

"உனக்கு எப்ப லீவு?"

"சூள பத்தவச்சிட்டா எங்க பக்கம் வேல இருக்காது. அன்னிக்கு லீவு. அன்னிக்குக் கூலியும் லீவு." கையில் இருந்த பிள்ளையாரைத் திருப்பித் துதிக்கையின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இன்று சாயங்காலம் அவள் அக்கா திருப்பூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு லீவுக்கு வருகிறாள். பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் வாங்க வேண்டும், அதுகளுக்குக் கூழ் இறங்காது.

வேலை முடிந்ததும், வெள்ளிக்கிழமையாச்சே என்று பெரிய கோயிலுக்குப் போனோம். மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. சுந்தரர் இங்கே கிடைத்த பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அவர் போட்ட இடம் எது என்று தேட இதைவிட நல்ல சமயம் இருக்காது. தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரிடம் மட்டும் அவள் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அக்கா பெண்ணுக்குக் காது குத்த வேண்டுமாம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கும் பிராது எழுதிக் கட்டியிருக்கிறாள். என்ன பிராது என்று சொல்லவில்லை. கேட்கவும் கூடாது. நிறைவேறினால் அவளே போய் வாபஸ் வாங்கிக்கொள்வாள்.

உள்ளே வன்னி மரத்தடியில் உட்கார்ந்தோம். இந்தப் பழமலைநாதர் கோயிலைக் கட்டியெழுப்பிய விபசித்து முனிவர், வேலை செய்தவர்களுக்கு இந்த வன்னி இலைகளைத்தான் கூலியாகக் கொடுத்தாராம். கையில் வாங்கிப் போனதும் அவரவர் பாடுபட்ட அளவுக்கு அது பொற்காசாக மாறுமாம். ஏமாற்றியவனுக்கு இலை இலையாகவே இருக்கும். ஆயா சொன்ன கதை. எங்களுக்குச் சொன்னார், திண்ணைக்குக் கீழே மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மருமகளுக்குக் கதை தெரிந்திருந்தது. மேலே பார்த்துவிட்டு, "அந்த முனிவரு வேலைக்கு ஆளு எடுத்தா சொல்லுங்க பெரியப்பா, எங்க பட்டறையே கெளம்பி வந்துடும்" என்றாள். பிறகு போனில் மணி பார்த்தாள். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும்; நூடுல்ஸ் இன்னும் வாங்கவில்லை.